தம்பி காலேஜே வேண்டாங்கறான்: சாஃப்ட்வேர் வேலைக்கு டிகிரி வேணுங்களா?

வேலந்தாவளம்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சாஃப்ட்வேர் ஃபீல்டுல இருக்கறவங்க கொஞ்சம் பதில் சொன்னா எங்க வீட்டுக்குப் பெரிய உதவியா இருக்கும்.

தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சான். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், கேரளா பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். மார்க் மோசமில்ல, பெருசாவும் இல்ல. ஆனா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தான்னா சோறு தண்ணி மறந்துருவான். இப்ப காலேஜே வேண்டாங்கறான். கோயமுத்தூர்ல ஒரு இன்ஸ்டிடியூட்ல ஆறு மாசம் ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (வெப்சைட்டோட முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் எழுதக் கத்துத் தர்றது), முடிச்சா வேலைக்கு கேரண்டின்னு சொல்லியிருக்காங்க. "மூணு வருஷம் போய் ரெக்கார்டு நோட்டு எழுதறதுக்கு இது மேல்"னு நிக்கறான்.

அப்பா கஞ்சிக்கோட்டுல ஒரு இரும்புக் கம்பெனியில ஷிஃப்ட் வேலை. எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் டிகிரி வாங்கினதில்ல. அதனால அப்பாவுக்கு அவன் ஒரு பட்டம் வாங்கியே ஆகணும். எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. உள்ள இருக்கறவங்க சொல்லுங்க.

கஞ்சிக்கோடு_பாசஞ்சர்:

அக்கா, நான் தினமும் ரயில்ல வாளையார் தாண்டி கோவைக்குப் போய் வேலை பாக்கற ஆளு. மத்த கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்கற சர்வீஸ் கம்பெனி. நேரடியாவே சொல்றேன். வேலை தெரியறதுக்கு டிகிரி தேவையில்ல. அந்த வேலை இருக்கற கதவுக்குள்ள நுழையத் தேவை.

ஃபிரெஷருக்கு கம்பெனிகள் வச்சிருக்கற ஆன்லைன் ஃபாரத்தைத் தம்பிய ஒரு தடவை திறந்து பாக்கச் சொல்லுங்க. பத்தாவது சதவீதம், பன்னண்டாவது சதவீதம், டிகிரி, எந்த யுனிவர்சிட்டி, எந்த வருஷம், அரியர் இருக்கா, நடுவுல இடைவெளி விழுந்துச்சா. பல பெரிய கம்பெனிகள்ல எல்லாத்துலயும் 60 சதவீதம் கேக்கறாங்க. டிகிரி கட்டத்தை நிரப்பாம அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. அவன் எழுதின கோடிங்கை அங்க எந்த மனுஷனும் பாக்கப் போறதில்ல, அதுக்கு முன்னாடியே வடிகட்டி முடிச்சிருக்கும். பிசிஏ, பிஎஸ்சி முடிச்சவங்களையும் எடுக்கறாங்க. விப்ரோல அப்படி உள்ள வந்து வேலை பாத்துக்கிட்டே எம்.டெக். முடிக்கற திட்டம் ரொம்ப வருஷமா ஓடுது. ஆனா அதுக்கும் முதல்ல அந்த மூணு வருஷப் பட்டம் வேணும்.

நாலஞ்சு வருஷம் வேலை பாத்துட்டா நிலைமை வேற. அப்ப என்ன செஞ்சேன்னுதான் கேப்பாங்க, எங்க படிச்சேன்னு கேக்க மாட்டாங்க. சிக்கல் முதல் வேலையிலதான்.

மத்தளம்பாறை_சாரல்:

மேல சொன்னவரு சொல்றது ஒரு வகைக் கம்பெனிக்குத்தான் பொருந்தும். நான் டிகிரி இல்லாம இந்த வேலையில இருக்கேன்.

ஊரு செங்கோட்டைப் பக்கம். பிளஸ் டூ முடிச்சதும் தென்காசியில ஜோஹோங்கற சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துற பள்ளியில சேர்ந்தேன். ஃபீஸ் கிடையாது, மாசம் 10,000 ரூபா உதவித்தொகை அவங்களே தருவாங்க. ரெண்டு வருஷம். நல்லாப் படிச்சா அங்கேயே வேலை. மலையடிவாரத்துல உக்காந்து உலகம் பூரா இருக்கிற கஸ்டமருக்கு வேலை செய்யலாம்னு எங்க ஊருல முதல்ல யாரும் நம்பல.

ஆனா ஒண்ண ஆணித்தரமாச் சொல்லணும். அங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் படிப்புதான். கணக்கு, இங்கிலீஷ், சி, அப்புறம் ஜாவா, டேட்டாபேஸ். ஒரு புரோகிராம் ஏன் அப்படி ஓடுதுன்னு பேப்பர்ல வரி வரியா எழுதிக் காட்டணும். ஜோஹோவத் தொடங்கின ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடி, அப்புறம் பிரின்ஸ்டன்ல முனைவர் பட்டம். அவ்வளவு படிச்சவரு டிகிரி கேக்காம ஆள் எடுக்குறாருன்னா, பட்டத்துக்கு பதிலா ரெண்டு வருஷப் பாடத்தத் தன் செலவுல நடத்தித்தான் எடுக்குறாரு. டிகிரிய விடலாம், படிப்ப விட முடியாது. தம்பி அந்த நுழைவுத் தேர்வ எழுதிப் பாக்கட்டும்.

எச்சிஎல் கம்பெனி பயிற்சி குடுத்து வேலைக்கு எடுக்குற டெக்பீ திட்டமும் பிளஸ் டூ முடிச்சவங்களுக்குத்தான். சாஸ்த்ரா மாதிரி யுனிவர்சிட்டியில வேலை பாத்துக்கிட்டே பட்டமும் படிக்கலாம். அதுக்குக் கட்டணம் உண்டு, முழுசாப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

குமுளி_ஏலக்கா:

நான் பி.டெக். முடிச்சவன், அதனால அனுபவத்துல சொல்றேன். நாலு வருஷம் வீண். சார் கையில இருந்த பழைய நோட்டைப் பாத்து போர்டுல எழுதுவாரு, நாங்க காப்பி பண்ணுவோம். லேப் பரீட்சைக்கு பத்து புரோகிராம், அதுல ஒண்ணுதான் வரும், மனப்பாடம். கோடுல செய்யற ஒவ்வொரு மாத்தத்தையும் சேமிச்சு வைக்கற கிட்னு (Git) ஒரு கருவி இருக்குதுன்னே கடைசி வருஷத்துலதான் தெரிஞ்சுது, அதுவும் யூடியூப் பாத்து. எஜுகேஷன் லோன் இன்னும் கட்டிக்கிட்டிருக்கேன்.

இப்ப ஃபிரீலான்ஸ். வெளிநாட்டு கிளையண்டுகள் ஒருத்தரும் என் சர்ட்டிபிகேட்டைக் கேட்டதில்ல. செஞ்ச வேலையக் காட்டு, அவ்வளவுதான். அந்தப் பையனோட நாலு வருஷத்தைக் காப்பாத்துங்க அக்கா, தயவு செஞ்சு.

கழக்கூட்டம்_ஷிஃப்ட்:

நான் பாறசாலைக்காரன், திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் வேலை. எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும் வேலையும் என்னிடம் இருப்பதால் மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஏலக்கா தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. அப்படிப்பட்ட கல்லூரியிலிருந்து வந்தவர்களை நாங்களும் பார்க்கிறோம். புரோகிராமர்கள் கேள்வி பதில் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2024-ல் நடத்திய கருத்துக்கணிப்பில் மென்பொருள் எழுதுபவர்களில் 66 சதவீதம் பேரிடம் இளநிலையோ முதுநிலையோ பட்டம் இருந்தது. ஆனால் கோடிங்கைப் பள்ளி, கல்லூரியில் கற்றதாகச் சொன்னவர்கள் 49 சதவீதம்தான். பட்டம் வைத்திருப்பவர்களிலேயே பலர் வேலையை வேறெங்கோதான் கற்றிருக்கிறார்கள்.

அதற்காகப் பட்டத்தின் மதிப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். 'எங்களுக்கு டிகிரி தேவையில்லை' என்று அமெரிக்காவில் பல பெரிய நிறுவனங்கள் அறிவித்தன. அப்படி அறிவித்ததால் உண்மையில் எத்தனை பேருக்கு வழி திறந்தது என்று ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் வேலைச் சந்தையை ஆராயும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிட்யூட்டும் 2024-ல் கணக்குப் பார்த்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் 700 பேருக்கு ஒருவர்கூட இல்லை. அறிவிப்பை எழுதுபவர் ஒருவர், ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேனேஜர் இன்னொருவர். ஒரே மாதிரி இரண்டு பேர் வந்தால் அந்த மேனேஜர் பட்டம் உள்ளவரை எடுத்துவிடுகிறார். பிறகு தவறானாலும் அவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அக்கா, தம்பி இதுவரை எதையாவது செய்து, அதை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா? அது தெரிந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லலாம்.

வேலந்தாவளம்_அக்கா:

செஞ்சிருக்கான் சார். இங்க பால் சங்கத்துக்கு ஒரு ஆப் எழுதிக் குடுத்தான். காலையும் சாயங்காலமும் பால் ஊத்தறவங்க லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (பால்ல கொழுப்பு போக மீதி இருக்கற சத்து) எல்லாம் போட்டா ரேட் வந்து சீட்டு அடிக்கும்.

முதல் மாசம் ஒரே தகராறு. ஒரு பாட்டி தன் சீட்டையெல்லாம் நூல்ல கோர்த்து வச்சிருந்து, பேரனை விட்டுக் கூட்டிப் பாத்துட்டு வந்துருச்சு. மாசக் கடைசி மொத்தத்துக்கும் சீட்டுக் கூட்டுத்தொகைக்கும் சில்லறை இடிக்குது. காசு கம்மிதான், ஆனா "மெஷினு ஏமாத்துது"ன்னு சொல்லிட்டாங்க. தம்பி ராத்திரி முச்சூடும் உக்காந்து எல்லாத்தையும் பைசாவா மாத்திட்டான். இப்ப சரியா வருது. என்ன செஞ்சான்னு எனக்குப் புரியல.

கழக்கூட்டம்_ஷிஃப்ட்:

அக்கா, இதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவன் செய்தது சின்ன விஷயமில்லை, இங்கே மற்ற பிள்ளைகளும் படிப்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

5.7 லிட்டர், லிட்டர் 41.28 ரூபாய் என்று வையுங்கள். பெருக்கினால் 235.296. சீட்டில் 235.30 என்று அச்சாகும். ஆனால் புரோகிராம் உள்ளே 235.296-ஐயே வைத்துக்கொண்டு மாத மொத்தத்தில் கூட்டினால், பாட்டி சீட்டுகளைக் கூட்டி எடுத்த தொகையும் கம்ப்யூட்டர் தொகையும் ஒன்றாக வராது. தினம் இரண்டு வேளை, மாதம் முழுக்க, இப்படிச் சில்லறை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு சீட்டையும் ஒரே முறை முழுப் பைசாவாக்கி, அந்த முழு எண்ணை மட்டும் சேமித்து, அதையே கூட்ட வேண்டும். தம்பி அதைத்தான் செய்திருக்கிறான்.

இதற்கு அடியில் இன்னொரு காரணமும் உண்டு. நாம் 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா? அதே போல 0.1 என்ற எண் கம்ப்யூட்டரின் இரும எண் முறையில் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஓர் இடத்தில் வெட்டித்தான் வைக்கிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி, 0.3-க்குச் சமமா என்று கேட்டால் பெரும்பாலான மொழிகளில் 'இல்லை' என்று வருவது இதனால்தான். பணத்தை இப்படி வெட்டி வைக்கும் ஃப்ளோட் (float) வகை எண்ணாகச் சேமிக்கக் கூடாது என்று வங்கி மென்பொருள் எழுதுபவர்கள் தலையில் அடித்துச் சொல்வதும் இதற்காகத்தான்.

தம்பி முதல் பாதியை அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். இரண்டாம் பாதி அவனுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால், அதுதான் நல்ல பாடத்திட்டம் கொடுக்கும் விஷயம்: எண்களை எப்படி வைக்கிறது, டேட்டாபேஸில் ஒரு தகவலை வேகமாக எடுக்க உதவும் இண்டெக்ஸ் எப்படித் தேடுகிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைத் திருத்தினால் என்ன ஆகும். ஆறு மாதக் கோர்ஸில் இதற்கெல்லாம் நேரமிருக்காது, திரையில் பட்டன் வைக்கவே சரியாகிவிடும். அந்த மாதிரிக் கோடிங்கை இப்போது ஏஐயே எழுதித் தந்துவிடுகிறது. எழுதி வந்ததில் தப்பு எங்கே என்று பிடிப்பவன்தான் எங்களுக்கு வேண்டும்.

பால் சங்கக் கதையை ரெஸ்யூமேயில் முதல் வரியாகப் போடச் சொல்லுங்கள். நான் இன்டர்வியூ எடுத்தால் முக்கால் மணி நேரமும் அதைப் பற்றித்தான் கேட்பேன்.

குமுளி_ஏலக்கா:

பாத்தீங்களா, காலேஜுக்குப் போகாமலே கண்டுபிடிச்சுட்டான். நான் சொன்னதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

நகரி_தறி:

நான் ஆந்திரா நகரியில இருந்து எழுதுறேன். வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு, அப்பாவுக்குத் தறி. எங்க பக்கம் இந்தக் கேள்வியே வராது. தெருவுக்கு ஒருத்தர் அமெரிக்காவுல இருக்கறதால பி.டெக். இல்லாம யாரும் யோசிக்கறதில்ல. அதனால யாரும் இதுவரைக்கும் தொடாத ஒண்ணச் சொல்றேன்: விசா.

ஃபிரீலான்ஸ் கிளையண்டு சர்ட்டிபிகேட் கேக்க மாட்டான், சரி. எம்பசி கேக்கும். அமெரிக்காவுல வேலை பாக்கறதுக்கான எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதுக்குச் சமமானதோ வேணும். பட்டம் இல்லாதவங்களுக்கு மூணு வருஷ அனுபவத்தை ஒரு வருஷக் கல்லூரிப் படிப்பா எடுத்துக்கற வழி இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க, நாலு வருஷப் பட்டத்துக்குப் பதிலா 12 வருஷ அனுபவம். அதுவும் அந்தத் துறையிலேயே. நம்ம மூணு வருஷப் பிஎஸ்சியையே அங்க பல நேரம் ஒரு வருஷம் குறைச்சலாத்தான் மதிப்பிடறாங்க. கனடாவுல குடியேறுறதுக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரியிலயும் படிப்புக்குத் தனியா பாயிண்ட் உண்டு.

ஜெர்மனி மட்டும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கு. 2023 நவம்பர்ல இருந்து, ஐடி வேலைக்குப் பட்டம் இல்லாமலும் புளூ கார்டு (அங்க தங்கி வேலை பாக்கற அனுமதி) கிடைக்கும். கடந்த ஏழு வருஷத்துல மூணு வருஷமாவது அந்தத் தரத்துல வேலை பாத்திருக்கணும், சம்பளமும் அவங்க சொன்ன அளவுக்கு இருக்கணும்.

இன்னொண்ணு. டிகிரி இல்லன்னா அனுபவச் சான்றிதழ் 'ஏற்பாடு' பண்ணித் தர ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. தம்பி அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. பிஎஃப் கணக்குல எந்த மாசம் எந்தக் கம்பெனி பணம் கட்டுச்சுன்னு வெரிஃபிகேஷன்ல தெரிஞ்சுரும். வேலையில சேர்ந்து ஒரு வருஷம் ஆனவங்களைக்கூட வெளிய அனுப்பியிருக்காங்க.

மூணாறு_லயம்:

ஏலக்கா அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கிளையண்டு உங்க சர்ட்டிபிகேட்டைக் கேக்கலன்னு சொல்றீங்க. அந்த முதல் கிளையண்டு வர்ற வரைக்கும் உங்களுக்கு ஒரு வீடு இருந்துச்சு, லேப்டாப் இருந்துச்சு, பி.டெக்.னு சொல்லிக்க முடிஞ்சுது. வேண்டாம்னு சொல்றதுக்குக் கையில ஒண்ணு இருக்கணும்.

எங்க அம்மா எஸ்டேட்ல கொழுந்து கிள்ளுறாங்க. வேலை இருக்கிற வரைக்கும்தான் லயத்துல வீடு. பட்டம் இல்லாம நான் ஒரு ஆஃபீஸ்ல போய் "எனக்குக் கோடிங் தெரியும்"னு சொன்னா, பத்து மார்க் குறைச்சுத்தான் என்னைப் பாப்பாங்க. பொண்ணுங்களுக்கு இன்னும் ஒண்ணு. கல்யாணம், குழந்தைன்னு சில வருஷம் விட்டுட்டுத் திரும்ப வரும்போது பழைய புராஜெக்ட் எல்லாம் காலாவதியாயிரும். பட்டம் ஆகாது. அரசு வேலைக்கான பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சை, பேங்க் பரீட்சை எழுதவும் அது கூடவே நிக்கும்.

இதுக்காக நாலு வருஷத்தைத் தொலைக்கணும்னு நான் சொல்லல. நான் வேலை பாத்துக்கிட்டே சென்னை ஐஐடியோட ஆன்லைன் பிஎஸ் பட்டம் படிக்கிறேன், டேட்டா சயின்ஸ். 2020-ல ஆரம்பிச்சது. ஜேஇஇ வேண்டாம். பிளஸ் டூ முடிச்சிருந்து, பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருந்தாப் போதும். முதல்ல நாலு வாரம் பாடம் தருவாங்க, அதுல அசைன்மென்ட் முடிச்சுத் தகுதித் தேர்வு எழுதணும். பாஸ் பண்ணினவங்க எல்லாருக்கும் இடம் உண்டு, இத்தனை சீட்டுன்னு கணக்கு கிடையாது. பாடம் வீட்ல இருந்தே பாக்கலாம், பரீட்சைக்கு மட்டும் சென்டருக்கு நேர்ல போகணும். நடுவுல முடியலன்னாலும் சர்ட்டிபிகேட், டிப்ளமா, பிஎஸ்சின்னு எந்தப் படியில வேணா இறங்கிக்கலாம். வருமானம் கம்மியான குடும்பத்துக்கும் எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கும் ஃபீஸ்ல நல்ல சலுகை இருக்கு.

லேசுன்னு நினைச்சுறாதீங்க. முதல் டேர்ம்லயே புள்ளியியல் பாடம் கண்ணைக் கட்டிரும். பாடம் பூரா இங்கிலீஷ். நானும் தமிழ் மீடியம்தான். லெக்சரை நிறுத்தி நிறுத்திப் பாத்து, தமிழ்ல குறிப்பெழுதி, திரும்ப இங்கிலீஷ்ல எழுதிப் பழகினேன். தம்பிக்கு அது முதல்ல கஷ்டமா இருக்கும், அப்ப நீங்க பக்கத்துல இருக்கணும் அக்கா.

குமுளி_ஏலக்கா:

தங்கச்சி சொல்றது புரியுது. கையில டிகிரி இருக்கறதாலதான் வேண்டாம்னு தைரியமாச் சொல்ல முடியுதுங்கறது சரிதான். ஆனா வகுப்புக்கு வராட்டி அட்டெண்டன்ஸ் ஃபைன் போட்டு, ஒண்ணுமே சொல்லித் தராத காலேஜுக்கு லட்சக்கணக்குல கட்டறதை நான் கடைசி வரைக்கும் எதிர்ப்பேன். நீங்க படிக்கிற மாதிரின்னா எனக்கு மறுப்பில்ல.

கஞ்சிக்கோடு_பாசஞ்சர்:

எல்லைக்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்லல.

நம்ம கேரளா பக்கம் 2024-ல இருந்து நாலு வருஷ டிகிரி வந்தாச்சு. மூணாவது வருஷம் முடிச்சுப் பட்டத்தோட வெளிய வரலாம், நாலாவது வருஷமும் படிச்சா ஹானர்ஸ். கோவைப் பக்கம் பாரதியார் யுனிவர்சிட்டி காலேஜுகள்ல மூணு வருஷம்தான். நகரி அண்ணன் சொன்ன விசாக் கணக்குக்கு அந்த நாலாவது வருஷம் உதவும்.

கோவையில சேரலாம்னா, தமிழ்நாட்டோட முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் நமக்குக் கிடையாது. வீட்ல தமிழ் பேசினாலும் பேப்பர்ல நம்ம கேரளா. சங்கடமாத்தான் இருக்கும், ஆனா சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். இங்கயே படிச்சா கேரள அரசோட இ-கிராண்ட்ஸ் உதவித்தொகையில எது பொருந்தும்னு அக்‌ஷயா இ-சேவை சென்டர்ல கேளுங்க. கொடும்புல அரசு பாலிடெக்னிக்கும் இருக்கு, டிப்ளமா முடிச்சா லேட்டரல் என்ட்ரியில நேரா பி.டெக். ரெண்டாம் வருஷம்.

அந்த இன்ஸ்டிடியூட் விஷயம். மாசத் தவணைன்னு சொன்னா, பணத்தை வாங்கறது இன்ஸ்டிடியூட்டா, இல்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியான்னு கேளுங்க. ஃபைனான்ஸ் கம்பெனின்னா அது கடன். வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அப்பா கட்டணும். ஆன்லைன்ல கடன் குடுக்கறவங்க கடன் விவரத்தை ஒரே தாள்ல எழுதித் தரணும், சில நாளுக்குள்ள வேண்டாம்னு திருப்பிக் குடுக்கவும் வழி வச்சிருக்கணும்னு 2022-லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. கேரண்டின்னு வாயால சொன்னதை லெட்டர்ஹெட்ல எழுதிக் கேளுங்க. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வச்சுக்கறேன்னு சொன்னா எழுந்து வந்துருங்க.

வேலந்தாவளம்_அக்கா:

தம்பியையும் பக்கத்துல உக்கார வச்சு எல்லாத்தையும் படிச்சோம். 0.1 விஷயம் அவனுக்குத் தெரியல, படிச்சதுல இருந்து அதையேதான் பேசிட்டிருக்கான். இன்ஸ்டிடியூட்டுக்கு போன் பண்ணினோம், தவணை ஃபைனான்ஸ் கம்பெனி பேர்லதானாம். அதை விட்டாச்சு. தென்காசித் தேர்வு எழுதறேங்கறான். அது கிடைக்கலன்னா இங்கயே ஒரு வேலை தேடிக்கிட்டு கூடவே ஆன்லைன் பட்டம்னு சொல்றான். அப்பா ஒண்ணுதான் கேக்கறாரு: வீட்ல இருந்து படிச்ச பட்டத்தை கம்பெனியும் கல்ஃப்பும் ஒத்துக்குமா?

கழக்கூட்டம்_ஷிஃப்ட்:

அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சேரும் வருஷத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்று யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்கள் கம்பெனியில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிசிஏ படித்தவர்கள் இருக்கிறார்கள். கல்ஃபில் ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு, எந்த நாடு என்று முடிவான பிறகு கேட்பதுதான் சரி. சர்ட்டிபிகேட் அட்டெஸ்டேஷன், அதாவது வெளிநாட்டுக்காகச் சான்றிதழைச் சரிபார்த்து உறுதிசெய்வது, கேரள அரசின் நார்க்கா ரூட்ஸ் வழியாக நடக்கும்.

அதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. தம்பியின் எஸ்எஸ்எல்சி, ஆதார், பிளஸ் டூ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் எல்லைப் பிள்ளைகளுக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மலையாளப் பாணியில் ஒன்று, தமிழ்ப் பாணியில் ஒன்று. பட்டச் சான்றிதழ் எஸ்எஸ்எல்சியைப் பார்த்துத்தான் அச்சாகும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துக் கேட்பார்கள். எஸ்எஸ்எல்சியில் திருத்தம் வேண்டுமென்றால் அது கேரளத் தேர்வுத் துறை அலுவலகமான திருவனந்தபுரம் பரீட்சா பவனுக்குத்தான் போகும். அதற்கான விண்ணப்பத்தை எப்படிக் கொடுப்பது என்று அவன் படித்த பள்ளியிலேயே சொல்வார்கள், தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எதில் சேர்வதாக இருந்தாலும் ஃபாரம் நிரப்புவதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.